மாதம் 25,000 கேட்கும் மார்க்கெட்டிங் ஆலோசகரை நம்பலாமா?

திருப்பாதிரிப்புலியூரில் அப்பா காலத்திலிருந்து முந்திரிப் பருப்புக் கடை நடத்துகிறீர்கள். போன வருடம் ஒருவரிடம் ஆறு மாதம் பணம் கட்டினீர்கள். கடைசியில் பணமும் போனது, கடையின் ஃபேஸ்புக் பக்கமும் அவரோடு போனது. இப்போது புதுச்சேரியிலிருந்து இன்னொருவர் வந்து, தன் கட்டணம் மாதம் 25,000, விளம்பரத்துக்குத் தனியாக 15,000 என்கிறார். கூகுளில் முதலிடம், மூன்று மாதத்தில் விற்பனை இரட்டிப்பு, பெங்களூரு வரை ஆர்டர் என்கிறார். நம்பகமான ஆலோசகரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ, இன்னொரு முறை கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க என்ன வழி என்றுதான் உங்கள் மனசு கேட்கிறது. இரண்டும் ஒரே கேள்விபோலத் தெரியும், பதில் வேறு. ஒருவர் நம்பகமானவரா என்பதை இரண்டு சந்திப்பில் கண்டுபிடிக்கும் வித்தை எனக்குத் தெரியாது. அவரை அதிகம் நம்ப வேண்டிய தேவையே இல்லாதபடி ஏற்பாடு செய்துகொள்வது எப்படி என்று ஓரளவு தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. புதுச்சேரியில் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் சேர்ந்து, பத்தி சென்டிமீட்டர் கணக்கில் இடம் விற்றுத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். பிறகு கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, வில்லியனூர் பக்கத்துச் சிறு கடைகளுக்கு ஆலோசகராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. இப்போது புதிதாக யாரையும் எடுப்பதில்லை, அதனால் இந்தப் பதிலில் எனக்கு வியாபாரம் ஒன்றும் இல்லை. ஏற்றுமதி, அமேசான் விற்பனை இரண்டிலும் எனக்குப் பழக்கம் குறைவு. அந்தப் பக்கத்துக்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே இருக்கும் எண்களை முதலில் பார்ப்போம். மாதம் சுமார் 400 கிலோ விற்கிறது, கிலோவுக்கு எல்லாம் போக 120 ரூபாய் நிற்கிறது, ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில், இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னபடியே விற்பனை இரட்டிப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 400 கிலோ, கூடுதல் லாபம் 48,000 ரூபாய். அவருக்கும் விளம்பரத்துக்குமாக 40,000 போகிறது. இரண்டுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 47,200. காம்போசிஷனில் இருப்பவர் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. மிச்சம் 800 ரூபாய். கூரியர் செலவு, உடைந்து போனதற்குத் திருப்பித் தருவது, பாக்கெட் போட ஓர் ஆள் எல்லாம் இனிமேல்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் அரிச்சந்திரனாகவே இருந்தாலும், சொன்னதை அப்படியே செய்து காட்டினாலும், இந்தக் கட்டணம் உங்கள் கடைக்குக் கட்டாது. நம்பலாமா வேண்டாமா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான் வருகிறது.

இன்னொன்று கவனித்தீர்களா? காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பி விற்கக் கூடாது. பெங்களூருவை விடுங்கள், 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதுச்சேரிக்கு ஒரு கிலோ பார்சல் போட்டாலும் ஜிஎஸ்டி கணக்கில் அது மாநிலம் தாண்டிய விற்பனைதான். பெங்களூரு ஆர்டர் என்று பேசியவர் உங்கள் ஜிஎஸ்டி எந்த வகை என்று ஒரு வார்த்தை கேட்டாரா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு இதுதான் முதல் அபாய மணி. கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அனுபவம் இல்லாமலும் இருக்கலாம். எப்படியானாலும் சிக்கிக்கொள்வது நீங்கள். திட்டத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் பேசி முடிவு செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஆலோசகர்களை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுவே. முதல் சந்திப்பில் அவர் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று எண்ணுங்கள். வாயில் வடை சுடுகிறவர் ஒரு மணி நேரமும் தானே பேசுவார். லேப்டாப்பைத் திறந்து ரீச், லைக், கிராஃப் என்று காட்டிக்கொண்டே போவார். வேலை தெரிந்தவர் உங்கள் கல்லாப் பக்கம் உட்கார்ந்து துருவுவார். முழுப் பருப்பில் டபிள்யூ 240 ரகம் எவ்வளவு போகிறது, டபிள்யூ 320 எவ்வளவு போகிறது? உடைத்த பருப்பை யார் வாங்குகிறார்கள், ஸ்வீட் கடையா, ஓட்டலா? கடன் எத்தனை நாள் நிற்கிறது? தீபாவளிக்கு முந்தின மாதம் எவ்வளவு, ஆடியில் எவ்வளவு? வாங்கியவர் மறுபடி வருகிறாரா? 240 என்றால் 454 கிராம் கொண்ட ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய அத்தனை பருப்பு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தெரியாவிட்டால் கேட்கிறாரா என்று பாருங்கள். சில சமயம் நல்ல ஆலோசகர் விளம்பரமே வேண்டாம் என்பார். ரெட்டியார்பாளையத்தில் ஒரு பேக்கரிக்காரர் என்னைக் கூப்பிட்டபோது, கூகுள் மேப்பில் அவர் கடையின் போன் நம்பர் பழையதாகவும், திறக்கும் நேரம் தவறாகவும் இருந்தது. அதைத் திருத்த காசே ஆகாது. நான் அன்று செய்த வேலை அவ்வளவுதான். வாங்கிய பணத்துக்கு வெட்கமாக இருந்தது, அடுத்த மாதம் அவரே போன் செய்து நன்றி சொல்லும் வரை.

இந்தத் தொழிலில் உரிமம் என்று ஒன்று கிடையாது. ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் பதிவு வேண்டும்; மார்க்கெட்டிங் ஆலோசகர் என்று போர்டு மாட்ட இந்தியாவில் யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. விளம்பர ஏஜென்சிகளுக்கு கூகுள் கொடுக்கும் 'கூகுள் பார்ட்னர்' பட்டை நிஜமானதுதான். ஆனால் அதைக் கொடுப்பது விளம்பரக் கணக்குகளில் எவ்வளவு பணம் ஓடியது, கணக்குகளை எப்படிப் பராமரித்தார்கள், எத்தனை பேர் கூகுளின் தேர்வில் தேறினார்கள் என்பதை வைத்து. அந்தத் தேர்வை நீங்களே வீட்டிலிருந்து இலவசமாக எழுதலாம். யோக்கியத்துக்கு அது சான்றிதழ் இல்லை.

கூகுளில் முதலிடம் என்ற வாக்குறுதிக்கு வருகிறேன். முதலிடத்தை யாராலும் உத்தரவாதம் செய்ய முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. மேப்பில் கடைகள் வரும் வரிசைக்கு அது சொல்லும் காரணங்கள் மூன்று: தேடிய சொல்லுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்பது. பணம் கட்டி அந்த வரிசையில் முன்னேற வழியில்லை என்றும் அதுவே சொல்கிறது. மஞ்சக்குப்பத்தில் நின்று தேடினால் ஒரு வரிசை, முதுநகரில் நின்று தேடினால் வேறு வரிசை. அதனால் முதலிடம் என்று சொல்கிறவரிடம், "எந்தச் சொல்லைத் தேடினால், எந்த இடத்தில் நின்று தேடினால்?" என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் கடைப் பெயரையே தேடிக் காட்டி முதலிடம் என்று சொல்வது பழைய வித்தை. உங்கள் பெயரில் வேறு கடை இல்லையென்றால் நீங்கள்தானே முதலில் வருவீர்கள்?

அடுத்து, அவருக்குப் பணம் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் விளம்பர ஏஜென்சிக்கு 15 சதவீதம் கமிஷன் வழக்கம். கால் பக்கம் போதும் என்ற இடத்தில் அரைப் பக்கம் வாங்கச் சொன்னால் ஏஜென்சிக்கு இரட்டிப்பு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கணக்கு அவர்களை அந்தப் பக்கம் இழுத்தது. இன்றைக்கும் விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களிடம் விளம்பரத்தைக் குறைக்கலாமா என்று ஆலோசனை கேட்பது வீண். வேலைக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசுங்கள். விளம்பரப் பணம் உங்கள் கார்டிலிருந்து நேராக கூகுளுக்கும், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவுக்கும் போகட்டும். 15,000 ரூபாயை அவர் கையில் கொடுத்தால், அதில் எவ்வளவு விளம்பரமாக மாறியது என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியாது. உங்கள் பெயரில் பில் வந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

போன வருடம் உங்களுக்கு விழுந்த அடிக்குக் காரணம், சாவி பழைய ஆளிடம் இருந்ததுதான். வீடு கட்டிய கொத்தனார் பத்திரத்தைத் தன் பேரில் எழுதிக்கொண்ட மாதிரி. இந்த முறை ஒன்றைக்கூட விடாதீர்கள். இணையதளத்தின் டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். கூகுள் பிசினஸ் பக்கத்தில் முதன்மை உரிமையாளர் நீங்கள், அவர் வெறும் மேனேஜர். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் முழுக் கட்டுப்பாடு உங்களிடம், அவருக்குப் பார்ட்னர் அனுமதி மட்டும். கூகுள் விளம்பரக் கணக்கை உங்கள் மெயிலில் திறந்து, அவருடைய மேனேஜர் கணக்கை அதனுடன் இணைக்கலாம். வேண்டாம் என்றால் ஒரு கிளிக்கில் துண்டிக்கலாம். வாட்ஸ்அப் வியாபார எண்ணின் சிம் உங்கள் டிராயரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டைச் சொல்லவே வேண்டாம். இந்த அனுமதிகள் எதற்கும் பாஸ்வேர்டு தேவைப்படாது, தேவை என்று சொல்கிறவருக்கு வேலை தெரியவில்லை. இப்படி வைத்துக்கொண்டால் இன்னொரு வசதி: கூகுள் விளம்பரக் கணக்கில் மாற்றங்களின் வரலாறு என்று ஒரு பகுதி உண்டு. யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்று அதில் வரிசையாக நிற்கும். மாதம் முழுக்க உழைத்தேன் என்கிறவர் நிஜமாகவே கணக்கைத் தொட்டாரா என்று டீ குடிக்கிற நேரத்தில் பார்த்துவிடலாம்.

அவர் செய்ததாகச் சொல்லும் பழைய வேலைகளைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மெட்டாவின் விளம்பர நூலகத்தில் எந்தக் கடையின் பெயரைப் போட்டாலும் இன்று ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் வரும். கூகுளிலும் விளம்பர வெளிப்படைத்தன்மைப் பக்கம் ஒன்று உண்டு. "நேரு வீதியில் இந்தக் கடைக்கு நான்தான் செய்கிறேன்" என்றால் தேடிப் பாருங்கள். இப்போது விளம்பரம் இல்லை என்பதால் மட்டும் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது, முடிந்துபோயிருக்கலாம். அதனால் போனும் செய்ய வேண்டும். அவர் கொடுக்கும் நம்பர்கள் எல்லாம் திருப்தியான வாடிக்கையாளர்களாகத்தான் இருப்பார்கள். அவரை விட்டு விலகிய ஒருவரின் நம்பரைக் கேளுங்கள். தயங்காமல் கொடுத்தால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடும். விலகியவரிடம் லைக் எவ்வளவு வந்தது என்று கேட்க வேண்டாம். விலகும்போது பக்கத்தையும் கணக்குகளையும் ஒழுங்காகக் கையில் கொடுத்தாரா என்று கேளுங்கள்.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடம். விற்பனை ஏறினால் அதற்கு அவர்தான் காரணமா? முந்திரிக்கு தீபாவளியும் பொங்கலும்தான் அறுவடை. ஆகஸ்டில் வேலைக்குச் சேர்ந்தவர் அக்டோபரில் கிராஃப் காட்டினால் அது மேலே போய்த்தான் இருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். போன வருடம் தீபாவளிக்கு முந்தின நாற்பது நாளோடு இந்த வருடத்து நாற்பது நாளை ஒப்பிடுங்கள். தீபாவளித் தேதி வருடத்துக்கு வருடம் நகரும் என்பதால் ஆங்கில மாதத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு தவறும். விளம்பரத்தில் தனி போன் நம்பர் ஒன்று போடுங்கள். கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, புதுமுகம் வந்தால் எங்கே பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இதுவும் முழு உண்மையைத் தராது. இன்ஸ்டாகிராமில் பார்த்த மருமகள் சொல்லி மாமியார் வந்திருப்பார், மாமியாரிடம் கேட்டால் "எங்க மருமகள் சொன்னா" என்பார். அளவிட முடியாத பகுதி இந்தத் தொழிலில் எப்போதும் இருக்கும். அந்தப் பகுதி முழுவதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறவரிடம்தான் எனக்குப் பேச்சு இல்லை.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தது. முந்திரித் தோப்பும் பலாவும் சாய்ந்ததை உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது ஒரு கடைக்குப் பொங்கல் விளம்பரங்களுக்கு முன்பணம் கட்ட வைத்திருந்தேன். ஊரே கரன்ட் இல்லாமல் கிடந்தது. வாங்க ஆள் இல்லை, கடையின் கூரையில் பாதி இல்லை. நிறுத்தி வைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பணம் போனது, அந்த வாடிக்கையாளரும் போனார். 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று பார்த்தால், நம் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலமும் தீபாவளி, பொங்கல் வியாபாரமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வருட ஒப்பந்தம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். பதினைந்து நாள் நோட்டீஸில் யாரும் விலகலாம், புயல் வெள்ளத்தில் கட்டணமும் விளம்பரமும் நிற்கும், விலகும்போது எல்லாக் கணக்குகளும் உங்களிடம் இருக்கும் என்று ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நுகர்வோர் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். வணிக நோக்கத்துக்காக வாங்கும் சேவை பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வராது.

பில்லைப் பற்றிச் சின்ன விஷயம். சேவைத் தொழிலில் வருடம் 20 லட்சத்துக்குக் கீழே வருமானம் என்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. எண் இல்லை என்பதால் போலி என்று நினைக்க வேண்டாம். எண் இல்லாமலே 18 சதவீதம் சேர்த்துக் கேட்டால் அது மோசடி. எண் கொடுத்தால் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்த நிலையில் இருக்கிறது என்று வந்துவிடும்.

இரண்டு யோசனைகளை யார் சொன்னாலும் அவரை அன்றோடு அனுப்பிவிடுங்கள். ஒன்று, ஐந்து நட்சத்திர ரிவ்யூ ஐம்பது வாங்கித் தருகிறேன் என்பது. கூகுள் கண்டுபிடித்தால் ரிவ்யூவை நீக்கும், கடையின் பெயரும் கெடும். இரண்டு, முந்திரி சர்க்கரையைக் குறைக்கும், இதய நோயைக் குணமாக்கும் என்ற மாதிரி ரீல்ஸ். உணவைப் பற்றித் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. லைசென்ஸ் எண் உங்கள் பெயரில் இருக்கிறது, ரீல்ஸ் எடுத்தவர் பெயரில் இல்லை.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வது என் அபிப்பிராயம் மட்டும். உள்ளூர்க்காரரா, சென்னைக்காரரா என்பதில் எனக்கு உள்ளூர்க்காரர் பக்கம் சாய்வு உண்டு. லாரன்ஸ் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு ஒரு நடை நடந்து பார்க்க முடிகிறவருக்குப் புரிவது ரிப்போர்ட்டில் வராது. ஆனால் நானும் உள்ளூர்க்காரன் என்பதால் இந்தச் சாய்வைத் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஒரு பொருட்டில்லை. 25 வயதுப் பையன்கள் என்னைவிட நன்றாக விளம்பரம் ஓட்டுகிறார்கள், கொள்முதல் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள். சொந்தக்காரப் பையனை வைக்கலாமா என்று மனைவி கேட்பதாக எழுதியிருந்தீர்கள். திறமை இருந்தாலும் வேண்டாம் என்பேன். சரியில்லை என்றால் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அடுத்த காதுகுத்துக்குப் போக முடியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தப் புதுச்சேரிக்காரரை அனுப்பிவிட மாட்டேன். மாதக் கட்டணம் இப்போது வேண்டாம், ஒரே ஒரு வேலை செய்யுங்கள் என்பேன்: கூகுள் பக்கத்தைச் சரி செய்வது, பழைய வாடிக்கையாளர் நம்பர்களை ஒழுங்குபடுத்தி அவர்கள் சம்மதத்தோடு வாட்ஸ்அப்பில் தீபாவளி விலைப்பட்டியல் அனுப்புவது, கடலூர் மாவட்டத்துக்குள் மட்டும் 5,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓட்டிப் பார்ப்பது. இதற்கு மொத்தமாக ஒரு தொகை, பாதி முதலில், பாதி நோட்டுக் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த பிறகு. 25,000 கேட்டவர் இதற்குச் சிரித்துவிட்டுப் போனால் உங்களுக்குச் செலவு ஒரு காபி. சரி என்று உட்கார்ந்து எவ்வளவு கேட்கிறார், என்னென்ன கேள்வி கேட்கிறார் என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். போன ஃபேஸ்புக் பக்கத்தோடு கூகுள் பக்கமும் பழைய ஆளிடம் இருந்தால், உரிமை கேட்டு கூகுளிலேயே விண்ணப்பிக்கலாம். அவர் பதில் தராவிட்டால் கடையைச் சரிபார்த்து நீங்களே எடுக்க வாய்ப்பு உண்டு. அதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.